ஆபீஸ் வீட்டுக்கு வந்தால் வாடகை யார் தருவது?



சென்ற வாரம் இந்தப் பகுதியில் ஒரு சகோதரி, "என் கணவர் வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார். குழந்தைகளுக்கு அப்பா கிடைத்துவிட்டார்" என்று சந்தோஷமாக எழுதியிருந்தார். அதற்கு முந்தின வாரம் இன்னொரு சகோதரி, "இவர் எப்போதடா ஆபீசுக்குக் கிளம்புவார் என்று இருக்கிறது" என்று அலுத்துக்கொண்டிருந்தார். இரண்டு பேர் சொன்னதும் நிஜம்தான். ஆனால் இரண்டு பேருமே கணக்கை முழுசாகப் போடவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகிவிட்டது, ஆசிரியர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த விஷயத்தில் கம்பெனிக்காரர்களுக்கு ஒரு கருத்து இருக்கிறது. வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு கருத்து இருக்கிறது. பேப்பரைத் திறந்தால் இந்த இரண்டு பேர் சண்டைதான். நடுவில் வீடு என்று ஒன்று இருக்கிறதே, அதை நடத்துகிறவள் ஒருத்தி இருக்கிறாளே, அவளிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

முதலில் கம்பெனிக்காரர்களைப் பார்ப்போம். 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டபோது வேறு வழியில்லாமல்தான் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். வேலை நின்றுவிடும் என்று பயந்தார்கள். நிற்கவில்லை. உடனே ஆசை வந்துவிட்டது. ஏறத்தாழ நாலரை லட்சம் பேர் வேலை பார்த்த டி.சி.எஸ். நிறுவனம், "2025-க்குள் எங்கள் ஆட்களில் 25 சதவீதம் பேர் ஆபீசுக்கு வந்தால் போதும்" என்று அந்த ஏப்ரல் மாதமே அறிவித்தது. பெரிய கட்டிடம், ஏ.சி., கேன்டீன், கேப் வண்டி எல்லாம் மிச்சம் அல்லவா?

ஆனால் 2025 வருவதற்குள் பேச்சு மாறிவிட்டது. 2023 அக்டோபரில் அதே நிறுவனம் வாரம் ஐந்து நாளும் வரச் சொன்னது. 2024-ல் வருகை குறைந்தால் ஊக்கத்தொகையும் குறையும் என்றது. இன்ஃபோசிஸ் 2025 மார்ச் முதல் ஊழியர்களில் பெரும்பாலோரை மாதம் பத்து நாளாவது வரச் சொன்னது. அமேசான் 2025 ஜனவரியிலிருந்து ஐந்து நாளும் வா என்றது. எல்லாவற்றிலும் வேடிக்கை ஜூம் கம்பெனிதான். ஊரடங்கில் நம் பிள்ளைகள் பாடம் படித்ததே அவர்கள் செயலியில்தான். வீட்டிலிருந்து பேசுவதற்கென்றே ஒரு பொருளை விற்கிறவர்கள், 2023 ஆகஸ்டில், 'ஆபீசுக்கு 80 கிலோ மீட்டருக்குள் இருக்கிறவர்கள் வாரம் இரண்டு நாள் நேரில் வரவேண்டும்' என்று சொன்னார்கள். ஸ்வீட் கடைக்காரர் தன் கடை லட்டைத் தான் சாப்பிடாத கதை!

ஏன் கூப்பிடுகிறார்கள் என்று என் கணவரிடம் கேட்டேன். இவர் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறார். "புதுசா சேர்ந்த பசங்க பக்கத்துல உட்கார்ந்து பார்த்துதானே கத்துக்கணும்? அப்புறம், வீட்டுல இருக்கிறவன் நெஜமாவே வேலை பார்க்கிறானான்னு அவங்களுக்குச் சந்தேகம்" என்றார். 2022-ல் விப்ரோ நிறுவனம், போட்டிக் கம்பெனிகளுக்கும் சேர்த்து வேலை பார்த்தார்கள் என்று 300 பேரை நீக்கியது பேப்பரிலேயே வந்தது. முதல் காரணம் எனக்கு நியாயமாகத்தான் படுகிறது. நான் தையல் கற்றதும் டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து, கை பார்த்து, திட்டு வாங்கித்தான். கழுத்து வளைவு வெட்டுவதை யூடியூபில் பார்த்துக் கற்றால் இரண்டு துணியாவது பாழாகும். இரண்டாவது காரணம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. நம்பிக்கை இல்லாத இடத்தில் ஐந்து நாள் நேரில் உட்கார வைத்தாலும் நம்பிக்கை வராது.

இனி வேலை பார்ப்பவர்கள். இவருக்கு வீடுதான் பிடிக்கிறது. ஏன் பிடிக்காது? குரோம்பேட்டையிலிருந்து பல்லாவரம் ரேடியல் ரோடு பிடித்து பழைய மகாபலிபுரம் சாலை போய்ச் சேர 22 கிலோ மீட்டர். மெட்ரோவுக்காகப் பள்ளம் தோண்ட ஆரம்பித்த பிறகு, போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி என்றாகிவிட்டது. மழை நாளில் அதுவும் நிச்சயமில்லை. வீட்டுக்கு வந்து இறங்கும்போது முகம் கறுத்து, முதுகைப் பிடித்துக்கொண்டு வருவார். கோபம் வேறு வரும். இரண்டு நாள் அந்தப் பாடு இல்லை என்பது எனக்கும் நிம்மதிதான். அதை நான் மறைக்க மாட்டேன்.

ஆனால் எங்கள் மாடி வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள், ஐ.டி. கம்பெனியில் வேலை. அவளைக் கேளுங்கள். "அக்கா, அஞ்சு நாளும் வரச் சொன்னா நான் சந்தோஷமா போவேன்" என்கிறாள். வீட்டில் இருந்தால் மீட்டிங்குக்கும் மீட்டிங்குக்கும் நடுவில் இட்லி ஊற்ற வேண்டும், கூரியர் வாங்க வேண்டும், மாமனாருக்கு மாத்திரை எடுத்துத் தர வேண்டும். லேப்டாப் திறந்திருந்தாலும் 'வீட்டில்தானே இருக்கா' என்ற பேச்சு. "ஆபீஸ்லதான் அக்கா ஒரு காபிய சூடா, உட்கார்ந்து குடிக்கிறேன்" என்றாள். கேட்கும்போது எனக்கு நெஞ்சு கனத்தது.

அவள்தான் எனக்கு ஒரு ஆராய்ச்சியைப் பற்றிப் படித்துச் சொன்னாள். சீனாவில் ஷாங்காயில் சி-டிரிப் என்று ஒரு பிரயாண டிக்கெட் கம்பெனி. 2010 கடைசியில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் நிக்கோலஸ் புளூமும் மற்றவர்களும் அங்கே ஒரு சோதனை செய்தார்கள். போன் எடுத்துப் பேசும் பிரிவில் தாங்களாக முன்வந்த 249 பேரை எடுத்தார்கள். பிறந்த தேதி இரட்டைப்படை என்றால் வீட்டில் வேலை, ஒற்றைப்படை என்றால் ஆபீசில் வேலை. ஒன்பது மாதம் பார்த்தார்கள். வீட்டிலிருந்தவர்கள் 13 சதவீதம் அதிகம் வேலை செய்தார்கள். வேலையை விட்டுப் போகிறவர்களும் பாதியாகக் குறைந்தார்கள். சரி, இனி உங்கள் இஷ்டம் என்று விட்டபோது என்ன ஆயிற்று தெரியுமா? வீட்டில் இருந்தவர்களில் பாதிப் பேர் ஆபீசுக்கே வருகிறோம் என்றுவிட்டார்கள். தனிமை தாங்கவில்லையாம்.

அதே கம்பெனியில் பிற்பாடு இன்னொரு சோதனையும் நடந்தது. 1,612 பேர். வாரம் இரண்டு நாள் வீடு, மூன்று நாள் ஆபீஸ். 2024-ல் முடிவு வெளிவந்தது. வேலையின் தரமும் குறையவில்லை, பதவி உயர்வும் குறையவில்லை. வேலையை விடுகிறவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். அதிலும் பெண்களும், தூரத்திலிருந்து வருகிறவர்களும்தான் அதிகமாக நிலைத்தார்கள். ஆரம்பத்தில் 'வேலை கெடும்' என்று சொன்ன மேலதிகாரிகளே கடைசியில் மனசு மாறினார்களாம். ஆக, இரண்டும் கெட்டான் என்று நாம் நினைக்கிற இந்த இரண்டு நாள் ஏற்பாடுதான் கம்பெனிக்கும் ஆளுக்கும் ஒத்துவருகிறது போலிருக்கிறது. நானும் அந்தக் கட்சிதான்.

ஆனால் முதல் சோதனையில் ஒரு நிபந்தனை இருந்தது. வீட்டில் வேலை பார்க்கத் தனி அறை இருக்கிறவர்களை மட்டும்தான் சேர்த்துக்கொண்டார்கள்! அதைக் கேட்டதும் நான் சிரித்துவிட்டேன். நம் வீடுகளில் தனி அறைக்கு எங்கே போவது? ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு சமையல்கட்டு. படுக்கையறை இவருக்கு ஆபீஸ். ஹாலில் அத்தையின் டி.வி. ஜன்னல் ஓரம் என் தையல் மெஷின்.

நான் பிளஸ் டூ வரைதான். வேலைக்குப் போகவில்லை. எட்டு வருஷமாக வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன், சேலைக்கு ஃபால்ஸ் அடித்துத் தருகிறேன். லைனிங் வைத்த பிளவுஸ் ஒன்றுக்கு 400 ரூபாய். வாரத்துக்கு எட்டு முடிப்பேன். பிள்ளைகளின் ஸ்கூல் வேன் காசும், சீட்டுப் பணமும் அதிலிருந்துதான்.

2024 ஜனவரியில் இவர் கம்பெனியில் வாரம் இரண்டு நாள் வீடு என்று சொன்னார்கள். எந்த இரண்டு நாள் என்று சொல்லவில்லை. முந்தின நாள் ராத்திரி மெசேஜ் வரும். இவர் லேப்டாப்பைத் திறந்தால் என் மெஷின் நிற்க வேண்டும். "சத்தம் மைக்குல போகுதும்மா, கொஞ்சம் நிறுத்தேன்" என்பார். மிக்ஸி கூடாது. குக்கர் விசில் கூடாது. அளவு கொடுக்க வருகிற பெண்கள் வாசலில் நின்று கிசுகிசு என்று பேசிவிட்டு, 'அப்புறம் வரேன்' என்று போவார்கள். பாதிப் பேர் அப்புறம் வருவதில்லை. அடுத்த தெருவில் கடை போட்டு டைலர் உட்கார்ந்திருக்கிறாரே! எட்டு பிளவுஸ் ஐந்தாயிற்று. மாதம் நாலாயிரம் ரூபாய் போல குறைந்தது.

கரண்ட் பில்லையும் சொல்லிவிடுகிறேன். 2023-ல் மார்ச், ஏப்ரல் இரண்டு மாதத்துக்கு எங்களுக்கு 420 யூனிட், 1,245 ரூபாய். மறு வருஷம் அதே இரண்டு மாதத்துக்கு 560 யூனிட், 2,430 ரூபாய். 140 யூனிட் கூடினதற்குப் பணம் ஏன் இரண்டு மடங்கு என்று பார்த்தால், 500-ஐத் தாண்டியவுடன் மேலே உள்ள யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறவில்லை, கீழே நூற்றிலிருந்து இருநூறு வரை உள்ள யூனிட்டுக்கு இருந்த குறைந்த விலையும் போய்விட்டது. எல்லாம் படுக்கையறையில் பகல் பூரா ஓடின ஏ.சி.யின் வேலை. ஆபீசில் அந்த ஏ.சி.க்குக் கம்பெனி பணம் கட்டியது, வீட்டில் நாங்கள் கட்டுகிறோம். "பெட்ரோல் மிச்சமாச்சே, அதைச் சொல்ல மாட்டியா?" என்று இவர் கேட்டார். வாஸ்தவம். ஒரு நாளைக்கு ஒரு லிட்டர், இரண்டு மாதத்துக்குப் பதினேழு நாள் என்றால் 1,700 ரூபாய் மிச்சம். ஆனால் பெட்ரோல் மிச்சம் இவர் சட்டைப் பையில், கரண்ட் செலவு என் அஞ்சறைப் பெட்டியில்!

காபி, டீ, சூடாகச் சாப்பாடு எல்லாம் கணக்கில் எழுதினால் கேவலம் என்று விட்டுவிடுகிறேன். ஒன்று மட்டும். ஆபீசில் டப்பாவில் ஆறிப்போன சாம்பார் சாதத்தைப் பேசாமல் சாப்பிட்ட மனுஷர், வீட்டில் என்றால் 'அப்பளம் பொரிக்கலையா?' என்கிறார்.

பணத்தை விடுங்கள். நேரம்தான் பெரிய விஷயம். இவருக்குப் போக வர மூன்று மணி நேரம் மிச்சம். அந்த மூன்று மணி நேரம் எங்கே போயிற்று? காலை பத்து மணிக்கு ஆரம்பித்த வேலை ஒன்பதுக்கே ஆரம்பித்தது. ஏழு மணிக்கு முடிந்தது எட்டானது. "ரோட்டுலயா இருக்கீங்க, வீட்டுலதானே, இந்த ஒரு ஷீட்டை முடிச்சுக் குடுங்க" என்று போன் வரும். மிச்சம் ஒரு மணி நேரம் செல்போனில் போனது. எனக்குக் கிடைத்தது மூன்றாவது தடவை டீ போடுகிற வேலை.

இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2023-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் 27 நாடுகளில் கேட்டிருக்கிறார்கள். வீட்டிலிருந்து வேலை செய்தால் பிரயாணத்தில் ஒரு நாளைக்குச் சராசரியாக 72 நிமிடம் மிச்சம். நம் நாட்டில் 99 நிமிடம். அந்த மிச்ச நேரத்தில் 40 சதவீதம் திரும்ப ஆபீஸ் வேலைக்கே போகிறது. 34 சதவீதம் ஓய்வுக்கும் பொழுதுபோக்குக்கும். பிள்ளைகளையும் பெரியவர்களையும் பார்த்துக்கொள்ள 11 சதவீதம். 72 நிமிடத்தில் 11 சதவீதம் என்றால் எட்டே நிமிடம்! 'குழந்தைகளுக்கு அப்பா கிடைத்துவிட்டார்' என்று எழுதிய சகோதரி அதிர்ஷ்டசாலிதான்.

மத்திய அரசு 2019-ல் எடுத்த நேரக் கணக்கெடுப்பையும் பாருங்கள். சம்பளமில்லாத வீட்டு வேலையில் பெண்கள் ஒரு நாளைக்கு 299 நிமிடம் செலவழித்தார்கள். ஆண்கள் 97 நிமிடம். அதுவும் எல்லா ஆண்களும் இல்லை, வீட்டு வேலை செய்ததாகச் சொன்ன நூற்றுக்கு 26 பேரின் கணக்கு அது. மீதி 74 பேர் துரும்பைக் கூட எடுத்துப் போடவில்லை.

வீட்டிலிருந்து வேலை என்பதை ஏதோ கம்ப்யூட்டர் வந்த பிறகு கண்டுபிடித்த மாதிரி பேசுகிறார்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை. நான் பிறந்தது திருநெல்வேலிப் பக்கம். எங்கள் தெருவில் பாதி வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றுவார்கள். என் அம்மாவும்தான். மடியில் சொளகு, அதில் தூள், பக்கத்தில் நனைத்த துணியில் சுற்றி வைத்த இலை. தகடு வைத்து இலையை வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, கட்டுக் கட்டாக அடுக்கிச் சாயங்காலம் பீடிக் கடையில் கொண்டுபோய்ப் போட வேண்டும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. கணக்கப்பிள்ளை கையில் எடுத்துப் பார்த்து, கொஞ்சம் தளர்ந்திருந்தால் கழித்துவிடுவார். கழித்ததற்குக் கூலி கிடையாது.

அம்மா பீடி சுற்றும்போது யாரும் சத்தம் போடாமல் இருந்ததில்லை. நாங்கள் அம்மா முதுகில் ஏறி விளையாடுவோம். அப்பா வந்ததும் சொளகை இறக்கி வைத்துவிட்டுச் சாதம் போடுவாள். ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு லைட்டடியில் மறுபடி உட்காருவாள். கேட்டால், "சும்மா இருக்கிற நேரத்துல நாலு பீடி சுத்துதேன்" என்பாள். அவளே அதை வேலை என்று சொன்னதில்லை!

ஆனால் சட்டம் சொன்னது. 1966-ல் வந்த பீடித் தொழிலாளர் சட்டம், கம்பெனியில் இலையும் தூளும் வாங்கி வீட்டில் உட்கார்ந்து சுற்றுகிறவரும் தொழிலாளிதான் என்றது. அம்மாவுக்கு அடையாள அட்டை இருந்தது, பி.எஃப். இருந்தது. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கென்று வருகிற உதவித்தொகையில்தான் எனக்கு நோட்டுப் புத்தகம் வாங்கினார்கள். போராடிப் பெற்ற உரிமைகள் அவை. வீடும் ஒரு வேலை செய்யும் இடம்தான் என்று அறுபது வருஷத்துக்கு முன்பே நம் நாட்டில் எழுதி வைத்தாயிற்று. லேப்டாப் வந்ததும் அது எப்படி மறந்துபோகும்?

அம்மா பீடி சுற்றினாள், நான் துணி தைக்கிறேன், இவர் கணக்குப் பார்க்கிறார். மூன்றும் வீட்டிலிருந்து பார்க்கிற வேலைதான். ஆனால் வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பது ஒருவருக்காக மட்டும்.

இதனால் 'இவரைப் பழையபடி ஐந்து நாளும் அனுப்பிவிடுங்கள்' என்று நான் சொல்லவில்லை. அந்த ரோட்டில் இவரைத் தினமும் அனுப்ப எனக்கு மனசு வராது. பிரசவம் முடிந்து திரும்பும் பெண்களுக்கும் இது ஒரு வழி. 2017-ல் மகப்பேறுச் சட்டத்தைத் திருத்தி, சம்பளத்தோடு 26 வார விடுப்பு என்று ஆக்கியபோதே, விடுப்பு முடிந்த பிறகு வேலைக்கு ஏற்றபடி கம்பெனியும் அந்தப் பெண்ணும் பேசி வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம் என்று சேர்த்தார்கள். பச்சைக் குழந்தையை விட்டுவிட்டுப் போக முடியாமல் வேலையை விட்ட பெண்களை நமக்கெல்லாம் தெரியும். அவர்களுக்கு அந்த வரி எவ்வளவு பெரிய உதவி! ஆனால் 'வீட்டில்தானே இருக்கா' என்று முழுச் சமையலையும் அவள் தலையில் கட்டினால் அந்த உதவியே பாரமாகிவிடும். மாடி வீட்டுப் பெண் சொன்னது அதுதானே.

தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் ஆபீஸ் வைத்திருக்கிறது. 2011-லிருந்தே தென்காசியில் அவர்கள் வேலை நடத்துகிறார்கள். அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு 2019-ல் அந்தக் கிராமத்துக்கே குடிவந்தார். வீட்டுக்குள் ஆபீசைக் கொண்டுவராமல், வீட்டுக்குப் பக்கத்தில் ஆபீசைக் கொண்டுவருவது! சென்னைக்குத் தனியாக அனுப்ப யோசிக்கிற எங்கள் ஊர்ப் பக்கப் பெற்றோருக்கு இது எவ்வளவு தைரியம் தரும் என்று எனக்குத் தெரியும். குரோம்பேட்டைக்காரர் ஏன் பழைய மகாபலிபுரம் சாலைக்கே போக வேண்டும்? தாம்பரத்திலோ பல்லாவரத்திலோ நாலு கம்பெனி சேர்ந்து ஒரு மாடியை வாடகைக்கு எடுத்து, அந்தந்தப் பகுதி ஆட்களை அங்கே உட்கார வைக்கக் கூடாதா? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், பெரியவர்கள் யோசிக்கட்டும்.

அதுவரை வீடுதான் என்றால் சில ஏற்பாடு வேண்டும். எந்த இரண்டு நாள் என்று முதலிலேயே சொல்ல வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு மெசேஜ் போட்டால், மறுநாள் சாம்பாரா, தயிர்சாதமா என்பதிலிருந்து என் வாடிக்கைக்காரர்கள் வரை எல்லாம் குழம்புகிறது. நேரம் முடிந்தால் முடிந்ததுதான். பிரான்சில் 2017-லிருந்தே, வேலை நேரத்துக்குப் பிறகு ஆபீஸ் தொந்தரவிலிருந்து விலகி இருப்பதை ஊழியரின் உரிமையாகச் சட்டத்தில் வைத்தார்கள். போர்ச்சுகல்லில் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம் இன்னும் ஒரு படி மேலே. வேலை நேரம் தவிர மற்ற நேரத்தில் முதலாளி ஊழியரைக் கூப்பிடக் கூடாது, வீட்டிலிருந்து வேலை பார்ப்பதால் கூடுகிற கரண்ட், இன்டர்நெட் செலவைக் கம்பெனி தரவேண்டும். பாருங்கள், நான் கேட்பது ஒன்றும் உலகத்தில் இல்லாத அதிசயம் இல்லை!

இதெல்லாம் கம்பெனி செய்ய வேண்டியது. வீட்டுக்காரர் செய்ய வேண்டியதும் உண்டு. மிச்சமான மூன்று மணி நேரத்தில் ஒரு மணி நேரமாவது வீட்டுக்கு வரவேண்டும். இதை நான் சும்மா பேசிக்கொண்டிருக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கரண்ட் பில், என் தையல் நோட்டு இரண்டையும் எடுத்து இவர் முன்னால் வைத்தேன். "என்னங்க, உங்க வேலையும் வீட்டுல, என் வேலையும் வீட்டுல. ரெண்டுக்கும் இடம் வேணும்ல?" என்றேன். அத்தை உள்ளே இருந்து, "ஆம்பளை சம்பாத்தியமும் ஜாக்கெட் தைக்கிறதும் ஒண்ணா?" என்றார்கள். இவர் கொஞ்ச நேரம் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். "நாலாயிரமா கொறஞ்சிருக்கு? சொல்லவே இல்லையே" என்றார். பிறகு மேலதிகாரியிடம் பேசி, செவ்வாய், வியாழன் என்று இரண்டு நாளைக் கேட்டு வாங்கினார். இப்போது அந்த இரண்டு நாளும் காலையில் பிள்ளைகளை வேன் ஏற்றுவது, சாயங்காலம் ஹோம் வொர்க் இரண்டும் இவர் பொறுப்பு. நான் கேட்டில் 'செவ்வாய், வியாழன் தையல் இல்லை' என்று அட்டை தொங்கவிட்டிருக்கிறேன். அந்த நாட்களில் சத்தமில்லாத வேலை, ஊக்கு வைப்பது, ஃபால்ஸை ஊசியால் பிடிப்பது. எட்டு பிளவுஸ் இன்னும் திரும்பவில்லை, ஏழு வரை வந்திருக்கிறது. அப்பளம் கேட்பது மட்டும் நிற்கவில்லை!

போன மாதம் இவர் கம்பெனியில் எல்லா ஊழியர்களிடமும் கருத்துக் கேட்டு கம்ப்யூட்டரில் ஒரு படிவம் அனுப்பினார்கள். வீட்டு நாள் தொடரலாமா, எடுத்துவிடலாமா என்று முடிவு செய்யவாம். இன்டர்நெட் வேகம் என்ன, நல்ல நாற்காலி இருக்கிறதா, கரண்ட் போனால் யு.பி.எஸ். உண்டா என்று இருபது கேள்வி. வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், அவர்கள் என்ன வேலை செய்கிறார்கள் என்று ஒரு கேள்வி கூட இல்லை. கடைசியில் 'மற்ற கருத்துகள்' என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. நான் சொல்லச் சொல்ல இவர் அதில் டைப் செய்தார். "என் மனைவி வீட்டில் தையல் தொழில் செய்கிறார். நான் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாட்களில் அவருடைய வருமானம் குறைகிறது. எனவே நாட்களை மாற்றாமல் இருக்கவும், கூடுதல் மின்சாரச் செலவைக் கம்பெனி ஏற்கவும் வேண்டுகிறேன்." முதலில், "இதையெல்லாமா போடுறது, சிரிப்பாங்கம்மா" என்றார். "சிரிக்கட்டும், போடுங்க" என்றேன். அனுப்பிவிட்டார். பதில் இன்னும் வரவில்லை.

உங்கள் வீட்டுக்கும் அப்படி ஒரு படிவம் வந்தால், அந்தக் கட்டத்தை மட்டும் காலியாக விடாதீர்கள் சகோதரிகளே.

- ஒரு வாசகி, குரோம்பேட்டை.